கலைமான்கள் விலகிய பிறகு

கலைமான்கள் சாலையை விட்டு விலகி, லாரி மறுபடி வேகம் பிடித்து, ஆற்றோரத்து நீண்ட வளைவுகள் சிலவற்றையும் கடந்த பிறகுதான், முதுகுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் நின்றுபோயிருப்பது ஐலாவுக்கு உறைத்தது.

மூச்சு மட்டும் இருந்தது. அவள் இருக்கைக்குப் பின்னே, கேபினின் அகலத்துக்குப் போட்டிருந்த படுக்கையை மறைத்துத் தொங்கிய பழுப்புத் திரைக்கு அந்தப்பக்கம், மூச்சு ஒன்று சீராக உள்ளே போய், சற்று நின்று, சீராக வெளியே வந்துகொண்டிருந்தது. இல்மாரி அப்படித் தூங்குகிறவன் இல்லை. வாலிபத்தில் ஜன்னல் சட்டம் ஒன்று முகத்தில் விழுந்து அவன் மூக்கெலும்பு நொறுங்கியிருந்தது. அன்றிலிருந்து, ஈரமரத்தில் ரம்பம் சிக்கிச் சிக்கி ஓடுவதுபோல்தான் அவன் தூக்கம். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. பிறகு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிப்போனது.

புரண்டு படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். இன்ஜின் போடுகிற இத்தனை இரைச்சலில் ஒருவருடைய மூச்சு காதில் விழ வழியே இல்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

நேரம் மதியம்தான். ஆனால் அந்த வடகோடியில் டிசம்பர் மாதத்து மதியம் என்பது கடிகாரம் சொல்கிற பேச்சு. மலைகளுக்குப் பின்னால் நீலம் கரைத்ததுபோல் வந்த வெளிச்சம், கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது. இப்போது இருந்ததெல்லாம் முன்விளக்குகள் வெட்டிக் காட்டிய வெள்ளைச் சாலை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தள்ளி ஒதுக்கிய பனி, அதற்கப்பால் குட்டையான பிர்ச் மரங்கள், அதற்கும் அப்பால் உறைந்து கிடந்த ஆறு. ஆற்றுக்கு அக்கரை ஸ்வீடன். அங்கேயும் விளக்கு எதுவும் தெரியவில்லை. வெளியே துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும் குளிர். பின்பெட்டியில் நார்வே கடற்கரையில் ஏற்றிய சால்மன் மீன்; விறைத்துக் கெட்டுவிடாமல் இருக்க, மீனுக்கே சூடேற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

இல்மாரி பக்கத்தில் உட்காராமல் அவள் தனியாக ஓட்டுவது அன்றுதான் முதல் தடவை.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை ஐலா தெற்கே லாஹ்தி நகரத்தில் குளிர்காலக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு வாங்கியதெல்லாம் கிழக்கு எல்லைக்கு அந்தப்பக்கத்து தேசம். அந்த தேசமே ஒருநாள் உடைந்துபோனது. தையல் கூடத்தில் மெஷின்களுக்கு உறை போட்டுப் பூட்டினார்கள். அடுத்த வசந்தத்தில், இல்மாரி தச்சனாக இருந்த ஜன்னல் தொழிற்சாலையும் பூட்டிக்கொண்டது. யாரும் வீடு கட்டாதபோது யாருக்கு ஜன்னல் வேண்டும்? அவர்களுடைய சொந்த வீட்டையே வங்கி எடுத்துக்கொண்டது. அஸ்திவாரம்முதல் கூரைவரை இல்மாரி தன் கையால் கட்டிய வீடு. சாமான்களை அவன் தங்கை வீட்டு மாடியறையில் அடைத்துவிட்டு, இருவரும் வேலை தேடி அலைந்தார்கள். இல்மாரியிடம் பட்டாளத்தில் எடுத்த லாரி லைசென்ஸ் இருந்தது. ஐலாவை வேலைவாய்ப்பு அலுவலகம் ஓட்டுநர் பயிற்சிக்கு அனுப்பியது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

“தையல் மெஷின்ல ஒரு பெடல், இதுல மூணு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று இல்மாரி சிரித்தான். “நூல் மட்டும் கோக்க வேண்டாம்.”

மீன் லாரி வைத்திருந்த நீமெலா என்பவர் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். “ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் ஓட்டுங்க. வண்டி மட்டும் தூங்கக் கூடாது” என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஊரே வேலையில்லாமல் கிடந்த காலத்தில் அதைக் கேட்டு இருவரும் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார்கள்.

அன்று காலை நார்வே துறைமுகத்தில் மீன் ஏற்றிய ஓட்வார் என்ற கிழவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். “என்ன இல்மாரி, பொண்டாட்டியையும் சுமையில சேத்துட்டியா? எடை கூடிடப் போவுது.”

“அவதான்யா டிரைவர்” என்றான் இல்மாரி. “சுமை நான்தான்.”

எல்லை தாண்டியதும் அவன் நிஜமாகவே சுமையானான். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்து இருக்கையின் அடியில் ஜோடியாக வைத்தான். ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினான். “இனி உன் பாடு, டிரைவரம்மா. பயமா இருந்தா நிறுத்து. எங்க வேணா நிறுத்து. மீன் கோவிச்சுக்காது, செத்த மீன்தானே” என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஏறிப் படுத்தான். உடனே ரம்பம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவள் ஓட்டினாள்.

பிறகுதான் கலைமான்கள். சாலையில் தூவிய உப்பை நக்கிக்கொண்டு ஒரு கூட்டமே குறுக்கே நின்றது. ஹார்ன் அடித்தாள், ஒன்றுகூடக் காதை அசைக்கவில்லை. அவனை எழுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்து, வேண்டாமென்று தீர்மானித்து, தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். முன்விளக்கின் வெளிச்சத்துக்குள் நடந்துபோய், கை தட்டி, தையல் கூடத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொல்லி விரட்டினாள். ஒவ்வொன்றாக அவை பனிமேட்டில் தாவி ஏறி மரங்களுக்குள் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, லாரியின் பக்கமாக எதையோ பார்த்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. அடுத்த நொடி அது மற்றவை போன திசைக்கு எதிராக, ஆற்றுப்பக்கமாக விழுந்தடித்து ஓடியது.

கேபினுக்குள் ஏறி ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டியபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானே சமாளித்துவிட்டேன். எழுந்ததும் அவனிடம் சொல்லவேண்டும். கிளட்சை விட்டாள். லாரி நகர்ந்தபோது பக்கவாட்டில் பொத் பொத்தென்று இரண்டு தடவை ஏதோ இடித்தது. சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்த பனிக்கட்டி உடைந்து விழுகிறது என்று எண்ணினாள். இன்னும் பின்னால், பெட்டியின் கடைசியில், மூன்றாவதாக ஒரு சத்தம். அதற்குள் அவள் அடுத்த கியருக்கு மாறியிருந்தாள்.

இப்போது இந்த மூச்சு.

“இல்மாரி” என்றாள், கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல். “தூங்கிட்டியா?”

மூச்சு நின்றது.

“இல்ல.”

அவன் குரல்தான். அவள் தோள்கள் தளர்ந்தன. தான் எவ்வளவு இறுக்கமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தோம் என்பது விரல்கள் வலித்தபோதுதான் தெரிந்தது.

“மான் கூட்டம் வழிய மறிச்சிடுச்சு. நானே எறங்கி விரட்டினேன். தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப முழிச்சுட்டுதான் கிடந்தியா? திருடா!”

அதற்குப் பதில் வரவில்லை. வராதது அவளுக்கு வித்தியாசமாகவும் படவில்லை. இல்மாரி பேசினால் வேடிக்கையாகப் பேசுவான், இல்லாவிட்டால் பேசவே மாட்டான். வலிக்கிற விஷயம் எதையும் அவன் வாயால் கேட்க முடியாது. வங்கிக்காரர்கள் வீட்டை அளந்துகொண்டிருந்த அன்றும் அவன் அடுப்படியில் நின்று அவர்களுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தான்.

ஹீட்டரின் உலோக வாடையும், தெர்மாஸிலிருந்து சிந்திய காப்பியின் கசப்பு மணமும், டயருக்கடியில் பனி அரைபடும் ஒரே சீரான சத்தமும் கலந்து, அந்தச் சின்ன கேபின் உலகத்திலிருந்து பிரிந்து எங்கோ மிதந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. முகம் பார்த்துப் பேசமுடியாததை இருட்டுக்குச் சொல்லலாம். அவள் சொன்னாள். வகுப்பில் ஆண்கள் சிரித்ததைச் சொன்னாள். பின்னோக்கி வண்டி எடுக்கும்போதெல்லாம் இடமும் வலமும் குழம்பிப்போவதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு “ம்” வந்தது. அந்த “ம்” அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“ம்.”

“அன்னைக்கு வீட்டுச் சாவியக் குடுக்கறதுக்கு முன்னாடி, கையுறைய மறந்துட்டேன்னு உள்ள போனியே. நான் கார்லயே உக்காந்திருந்தேன். அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணின?”

மூச்சு உள்ளே போயிற்று. நின்றது. வெளியே வந்தது.

“கதவுல சாஞ்சு நின்னேன்.”

வளைவு ஒன்றில் அவள் கியரைக் குறைத்தாள்.

“அழுதேன். உன்கிட்ட காட்டக் கூடாதுன்னு, வாயில கையுறைய வச்சு அடைச்சுட்டு அழுதேன்.”

சாலை அவள் கண்ணில் மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மறுபடி மங்கியது. ஒன்றரை வருஷமாக இருவரும் ஒரே மாடியறையில், ஒரே கட்டிலில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று விழுங்கிய அழுகையெல்லாம் இப்போது அவள் கன்னத்தில் வழிந்தது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.”

“இப்ப சொல்றேனே.”

அந்த வார்த்தைகள் எவ்வளவு இதமாக இருந்தனவோ, அதே அளவுக்கு அவற்றில் ஏதோ ஒன்று சரியில்லாமலும் இருந்தது. ஐலா அதை ஒதுக்கித் தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. இல்மாரி அழுதிருப்பான், அது நிஜம். ஆனால் இல்மாரி அதைச் சொல்லமாட்டான். சாகும்வரை சொல்லமாட்டான். இவ்வளவு சுலபமாக, கேட்டதும் எடுத்துக் கொடுப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல்...

கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது.

ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கால்முட்டிகள் வெந்தன. ஆனால் திரையின் ஓரங்களிலிருந்து, கிணற்று மூடியைத் திறந்ததுபோல, குளிர் கசிந்து அவள் காதோரத்தையும் பிடரியையும் தொட்டது. அதில் ஒரு வாடையும் இருந்தது. இல்மாரி படுத்த இடத்தில் தார் சோப்பும் சுருட்டிய புகையிலையும் மணக்கும். இது அது இல்லை. ஆற்றில் பனியை உடைத்துத் துளைபோட்டால், முதலில் எழும்பி வருமே, அந்தக் கறுப்புத் தண்ணீரின் வாடை. இரும்பும் சேறும் கலந்த வாடை.

கண்ணாடியின் உட்புறத்தில், மேல் மூலையில், பனிப்பூ ஒன்று படரத் தொடங்கியிருந்தது. உட்புறத்தில்.

அவள் எட்டி அதைத் துடைத்தாள். கையை இறக்கும்போது பார்வை தற்செயலாகப் பக்கத்து இருக்கையின் அடியில் விழுந்தது.

ரப்பர் விரிப்பு. அதன்மேல் உருகிய பனித் தண்ணீர், இரண்டு பாத வடிவத்தில்.

பூட்ஸ் இல்லை.

அவள் சாலையைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள். பூட்ஸோடு அவன் படுக்கமாட்டான். படுக்கையில் மண் பட்டால் அவனுக்கு ஆகாது. கொக்கியில் அவன் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்ஸ் மட்டும் இல்லை.

“இல்மாரி, உன் பூட்ஸ் எங்க?”

இந்தத் தடவை மூச்சு வெகுநேரம் நின்றது.

“கால்ல இருக்கு.”

அவள் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்பியது. லாரியின் வேகம் குறைந்தது.

“நிறுத்தாத.”

“ஏன்?”

“நிறுத்தாத, ஐலா. போயிட்டே இரு.”

பயமாக இருந்தால் நிறுத்து என்று சொன்னவன். எங்கே வேண்டுமானாலும் நிறுத்து என்று சொன்னவன். அவள் கால் மறுபடி அழுத்தியது. சொல்பேச்சுக் கேட்டு அல்ல. நிறுத்தினால் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கும். திரை அவள் தோளிலிருந்து ஒரு கை தூரம். திரும்பவேண்டாம். ஓட்டு. சாலையைப் பார். வளைவு. மரம். வளைவு.

டாஷ்போர்டில் பொருத்தியிருந்த போன் அடித்தது.

அவள் அலறிவிட்டாள். இரண்டு தடவை கை தவறி, பிறகு எடுத்தாள்.

“ஐலா?” நீமெலாவின் குரல். இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் கேட்டது. “எங்க வந்துட்டிருக்க?”

“ஆத்து ரோட்டுலதான். முவோனியோ ஊர் இன்னும் வரல.”

“வண்டிய ஓரமா நிறுத்தும்மா.”

“லேட்டாயிடுமே.”

“மீன் நாசமாப் போகட்டும். நிறுத்து.”

மீன் நாசமாகப் போகட்டும் என்று நீமெலா சொல்லி அவள் கேட்டதில்லை. யாருமே கேட்டிருக்கமாட்டார்கள்.

“என்ன ஆச்சு?”

“இல்மாரி எங்க?”

“பின்னாடி படுத்திருக்கான்.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “தூங்கல. இவ்வளவு நேரம் பேசிட்டுதான் வந்தோம்.”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஐலா. ரோட்டுல பனி தள்ளுறாரே, அந்த வண்டிக்காரர் போன் பண்ணினாரு. ஆத்தோரமா ஒரு ஆளு கிடந்திருக்கான். ஜாக்கெட் இல்ல, வெறும் ஸ்வெட்டர். பையில நம்ம டீசல் அட்டை இருந்துச்சாம். லைசென்ஸும்.”

“இருக்காது.”

“அவன் பேருதான்மா.”

“இருக்காது. நான்தான் சொல்றேனே, இங்க இருக்கான்.”

“வண்டி பின்னாடியே ஓடியிருக்கான். காலடி அப்படித்தான் கிடக்குதாம். ரொம்ப தூரம் ஓடியிருக்கான், ஐலா.”

பொத். பொத். பிறகு மூன்றாவது.

பனிக்கட்டி இல்லை. உள்ளங்கை.

அவள் முன்பக்கம் இறங்கி மான்களோடு கத்திக்கொண்டிருந்தபோது, அவன் மறுபக்கத்துக் கதவு வழியாக இறங்கியிருக்கிறான். பெட்டியின் சூட்டைப் பார்க்கவோ, மூத்திரம் பெய்யவோ. ஒரு நிமிஷ வேலைக்கு ஜாக்கெட் எதற்கு என்று நினைத்திருக்கிறான். அவள் வந்து ஏறி, சந்தோஷமாக, திரையைத் திறந்துகூடப் பார்க்காமல், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவரில் தட்டியிருக்கிறான். ஓடிவந்து மறுபடி தட்டியிருக்கிறான். கத்தியிருப்பான். அவள் கியர் மாற்றினாள்.

“உயிரோட இருக்கானா?”

“எடுக்கறப்போ மூச்சு இருந்துச்சாம். கம்பளியெல்லாம் சுத்தித்தான் கூட்டிட்டு வந்திருக்காரு. ‘அவளுக்கு ரோடு புதுசு, அவளுக்கு ரோடு புதுசு’ன்னு சொல்லிட்டே வந்தானாம்.” நீமெலாவின் குரல் உடைந்தது. “இப்பதான்மா. கொஞ்சம் முன்னாடி. வழியிலயே...”

மூச்சு இருந்தது. அவள் மான்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஓடிக்கொண்டிருந்தான். வீட்டுக் கதவைப் பற்றிக் கேட்டுக் கண்ணீர் விட்டபோதும் அவனுக்கு மூச்சு இருந்தது. அப்போது திரும்பியிருந்தால்கூட.

நிறுத்தாத என்று சொன்னது.

“போன்ல யாரு?” என்றது திரைக்குப் பின்னாலிருந்து.

ஐலா அசையவில்லை.

“ஐலா” என்றார் நீமெலா, மெதுவாக. “அது யாரு பேசறது?”

போன் அவள் கையிலிருந்து நழுவி, சுருள் கம்பியில் தொங்கி ஆடியது. முன்னே சாலையோரத்தில் பேருந்து நிற்பதற்கான ஒதுக்கம் ஒன்று வெளிச்சத்தில் வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். டிரெய்லர் ஒருபக்கமாக இழுத்தது. பின்னால் பெட்டியில் மீன் கூடைகள் சரிந்து முட்டின. நின்றது.

“நிறுத்தாத.”

கதவைத் திறந்தாள். அவளுடைய ஜாக்கெட் திரையோரக் கொக்கியில், அவன் ஜாக்கெட்டோடு சேர்ந்து தொங்கியது. அங்கே கையை நீட்ட அவளால் முடியவில்லை. அப்படியே குதித்தாள்.

குளிர் அவளை அறைந்தது. மூச்சை இழுத்ததும் மூக்கின் உள்முடிகள் விறைத்தன. பல் கூசியது. சறுக்கிச் சறுக்கி முன்விளக்குகளைத் தாண்டி ஓடி, வெளிச்சம் முடிகிற இடத்தில் திரும்பி நின்றாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. அவற்றுக்கு மேலே கண்ணாடி, கறுப்பாக.

அக்கரையில் மிகத் தொலைவில் ஒரே ஒரு ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. யார் வீடோ. ஸ்வெட்டரோடு அவ்வளவு தூரம் நடக்கமுடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஓடியிருக்கிறான்.

விரல்நுனிகள் மரத்தன. பிறகு காதுகள். பிறகு பாதம். இப்படித்தான் இருந்திருக்கும். இதே வரிசையில்தான்.

“இல்மாரி” என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு கத்தினாள். “இல்மாரீ!” மரங்கள் வாங்கிக்கொண்டன. எதிரொலிகூட வரவில்லை.

கேபினுக்குள் விளக்கு எரிந்தது.

திரை ஒதுங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எதிர்வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை, தோள்கள் தெரிந்தன. இடது தோள் சற்றுத் தாழ்ந்த, மரம் சுமந்து சுமந்து தாழ்ந்த தோள்கள். அவன் குறுக்கே சாய்ந்து, பக்கத்து இருக்கையின் கதவை அவளுக்காகத் திறந்தான்.

“வா, ஐலா.”

அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள்.

“நீ அவன் இல்ல.”

மூச்சுச் சத்தம் கேட்டது. ஆனால் அந்த மூச்சு மாறியிருந்தது. இவ்வளவு நேரம் திரைக்குப் பின்னால் சீராக, அவசரமே இல்லாமல் ஓடிய மூச்சு இல்லை இது. இது இரைத்தது. அறுபட்டது. நுரையீரல் கிழிய ஓடிவந்து, எட்டிப்பிடித்து, படியில் ஏறி, இன்னும் பேச்சு வராமல் தவிக்கிற ஒருவனுடைய மூச்சு.

“ஐலா” என்றது, இரைப்புக்கு நடுவே. “குளிருது.”

அவள் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் இருந்தது அவன் இல்லை. அது அவளுக்கு நிச்சயம். ஆனால் இப்போது? கொஞ்சம் முன்னாடிதான் என்றார் நீமெலா. செத்த பிறகு அவனே ஓடிவந்து சேர்ந்திருக்கமுடியுமா? இப்போதும் அதுவேதான், அவளை உள்ளே இழுக்கத்தான் இப்படி இரைக்கிறதா? யாரைக் கேட்பது? போலீஸ் வரும். ஆம்புலன்ஸ் வரும். வரும்வரை நிற்கலாம். நின்றால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பவன் அங்கேயே இருப்பான், தனியாக, குளிரில்.

ஒருதடவை விட்டுவிட்டு வந்தாயிற்று.

இரண்டாந்தடவை எப்படி?

கால்கள் மரக்கட்டைகளாகியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடந்தாள். விளக்குகளைக் கடந்தாள். திறந்த கதவின் கீழே நின்று, கைப்பிடியைப் பற்றி, படியில் ஏறினாள். உள்ளே சூடாக இருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் உட்கார்ந்தாள். கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

இல்மாரியின் முகம். மூக்கு கோணலாக இருந்தது. புருவத்திலும் இமையிலும் தாடியிலும் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அத்தனை சூட்டில் அதில் ஒரு துளிகூட உருகவில்லை. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. கண்ணின் ஈரமே உறைந்து, மெல்லிய ஏடாக அதன்மேல் படிந்திருந்தது. வாய் ஓடிவந்தவனின் வாயாக அரைகுறையாகத் திறந்து நின்றது.

“ஐயோ, எப்படி விறைச்சுப் போயிட்டடா” என்றாள் ஐலா.

இரண்டு கைகளையும் உரசிச் சூடேற்றி, அந்தக் கன்னங்களை ஏந்திக்கொண்டாள்.

உள்ளங்கைகள் ஒட்டிக்கொண்டன. உறைபனியில் இரும்பைத் தொட்டால் ஒட்டுமே, அப்படி. சுரீரென்று எரிந்தது. பிறகு எரியவில்லை. விரல்கள் வெளுத்தன. வெண்மை மணிக்கட்டில் ஏறியது. அவள் இழுக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஊதிக்கொண்டு.

கீழே கம்பியில் தொங்கிய போனிலிருந்து நீமெலா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கியர் விழுந்தது. லாரி நகர்ந்தது.